எந்த வருஷப் பிறப்பு?

நான் கோர்ட்டில் பொய் சொன்னேன். தெய்வத்தின் பேரில் சத்தியம் செய்துவிட்டு, பெற்ற மகளின் நான்கு மாதச் சோற்றைத் திருடினேன்.

கிருத்திகை விரதம் தவறாதவன் நான். பழனிக்கு நடந்தே போகிறவன். நீ காறித் துப்பினாலும் சரி... முழுவதும் கேட்டுவிட்டுத் துப்பு.

என் மனைவி ருக்குமணி என்னோடு ஒத்துவராமல், மகள் பொன்னியோடு தனியே போய்விட்டாள். கேரள எல்லைக்குள் இருக்கிற கொழிஞ்சாம்பாறைக் கடலைக்காய் மண்டியில் நான் எடை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கூலியைப் பார்த்துத்தான் கோர்ட்டில் மகளுக்கு ஜீவனாம்சம் விதித்தார்கள். பிறகு ஒரு சித்திரை முதல் தேதியில், புதுக் கணக்குப் போடும்போது மண்டிக்காரர் என்னையும் கூட்டுச் சேர்த்தார். வரும்படி மும்மடங்கு ஆயிற்று. மகளுக்கு ஒரு ரூபாய் கூட்டினேனா? இல்லை! வேண்டுமானால் கேட்கட்டும் என்று இருந்தேன்.

ஐப்பசியில் கேட்டாள். வரும்படி கூடிய நாளிலிருந்தே கணக்குப் பார்த்துப் பாக்கியைத் தரவேண்டும் என்று மனுப் போட்டாள். அந்தப் பாக்கி வரும் என்று நம்பித்தான் கடன் வாங்கிப் பொன்னியை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள். வக்கீல் வைக்க வழியில்லை.

எப்போது முதல் என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"வருசப் பொறப்புல இருந்துங்க" என்றாள்.

அவள் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. அவளுக்கு வருஷம் பிறப்பது சித்திரையில். அவள் பேச்சை மாஜிஸ்திரேட்டுக்கு மொழிபெயர்த்த கோர்ட் குமாஸ்தா மலையாளி. அவருக்கு ஆண்டு பிறப்பது சிங்ஙத்தில், அதாவது நம் ஆவணியில். சிங்ஙம் ஒன்று முதல் என்று அவர் மலையாளத்தில் எடுத்துச் சொன்னார். அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது. எனக்குத் தெரியும்... நன்றாகவே தெரியும்!

வரும்படி கூடியது அன்றிலிருந்துதானா என்று மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார்.

"ஆமாங்க."

சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. ஒரே சொல்லில் நாலும் போயிற்று.

மண்டியில் கூட்டாளி என் முதுகில் தட்டினார். "ஒத்தை வார்த்தைல கேசை முடிச்சுப்போட்டியேப்பா. வக்கீலு என்னத்துக்கு உனக்கு?" நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் பல்லை உடைக்கத் தோன்றுகிறது.

குமாஸ்தாமேல் கோபப்பட்டுப் பார்த்தேன். மலையாளம் தெரியாத அவள்மேல் கோபப்பட்டேன். பொய்ச் சத்தியம் கேட்டும் வாய் திறக்காத முருகன்மேல்கூட... எல்லாம் பசப்பு. தப்பு செய்த நாக்கு என்னுடையது.

கடன்காரன் விடவில்லை. பொன்னியின் படிப்பு நின்றது. தாயும் மகளும் கடலைக்காய் உரிக்கும் கூலிக்குப் போனார்கள். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் நான்கு மாதப் பணத்தையும் மடியில் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். விஷயத்தையும் சொன்னேன்.

ருக்குமணி உட்காரச் சொல்லவில்லை. பணத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அதே கோர்ட்டுல வந்து, பொய்தான் சொன்னேன்னு சொல்லுங்க. அப்புறம் குடுங்க, வாங்கிக்கறனுங்க."

பொன்னி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வரவில்லை.

நான் போகவில்லை. பொய்ச் சத்தியத்துக்கு ஜெயிலாமே! மண்டியில் என் பெயர் என்ன ஆவது? வாரந்தோறும் பஸ் அந்தக் கோர்ட்டைக் கடந்து போகிறது. நான் இறங்குவதில்லை.

அங்கே சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னால் என்னை என்ன செய்துவிட முடியும்? அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன்.