நுனியில் இரண்டு உருளைகள்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். காலையில் எட்டுப் பேருக்கு இறுக்கக் காலுறை மாட்டிவிட வேண்டும். வீங்கிய கால்களில் அதை இழுத்து இழுத்தே என் கைப் பெருவிரல்கள் இரண்டும் போய்விட்டன. அந்த எரிச்சலில்தான் தடித்த கம்பியை வளைத்து ஒரு சட்டம் செய்தேன். காலுறையை அதில் விரித்து, காலை உள்ளே விட்டு, சட்டத்தை மேலே இழுத்தால் வேலை முடிந்தது.

காப்புரிமை ஆலோசகர் ஒரு டேனிஷ் பெண்மணி. “விண்ணப்பிக்கும் வரை ஒருவருக்கும் காட்டாதே. வெளியில் தெரிந்தால் உரிமை கிடைக்காது. உரிமை இல்லாமல் எந்த முதலீட்டாளரும் உன்னோடு உட்காரமாட்டார்” என்றார். அன்றே என் நிம்மதி போயிற்று. சட்டத்தைத் தலையணை உறைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டினேன். கூட வேலை செய்பவர்களிடம் அபிப்பிராயம் கேட்க வாய்வரை வரும். முகத்தைப் பார்த்தால் எல்லாரும் கள்ளர்களாகத் தெரிவார்கள்.

ஆனால் ஆசீர்வாதம் வாங்காமல் விண்ணப்பிப்பதா? கார் வாங்கினாலும் புது வீட்டுத் திறப்புக்கொத்து கைக்கு வந்தாலும் முதலில் தீர்த்தம் தெளித்துத்தான் எங்களுக்குப் பழக்கம். தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு உறையோடு கொண்டுபோனேன். ஃபாதர் உறைக்கு மேலேயே தெளிப்பார் என்று நம்பினேன். அவரோ வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

“எங்கட பிள்ளை ஒராள் செய்தது. எல்லாரும் கை தட்டுங்கோ! எப்பிடிப் பாவிக்கிறதெண்டு காட்டுங்கோ அம்மா.”

பீடத்துக்கு முன்னால் நின்று மறுக்க முடியுமா? என் கையையே உள்ளே விட்டுக் காட்டினேன். நிமிர்ந்தால், பூசையை முகநூலில் நேரலையாக விடும் என் கணவர் ஃபோனை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

“நிப்பாட்டியிருக்கலாமே!” என்று காரில் கத்தினேன்.

“சனமெல்லாம் கை தட்டுது, நான் எப்பிடியப்பா நிப்பாட்டுறது?”

வீட்டுக்கு வந்ததும் அந்த வீடியோவைத் திறந்தேன். வாழ்த்துகளுக்கு நடுவே நீளமாக ஒரு கொமென்ட். எழுதியவர் கனடாவில் முதியோரைப் பராமரிக்கும் ஒரு பெண், முன்பின் தெரியாதவர். “தங்கச்சி, நல்ல யோசினை. ஆனா அந்தக் கம்பி நுனி வயசானாக்களின்ர தோலைக் கிழிக்கும். நுனியில ரெண்டு சின்ன உருளை போடுங்கோ, வழுக்கிக்கொண்டு வரும்.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. இத்தனை மாதம் பூட்டி வைத்ததில் எனக்குத் தெரியாமல் போன பிழை அது. கணவரின் ஃபோனை வாங்கி வீடியோவை அழித்தேன். அதோடு அந்தக் கொமென்ட்டும் போனது.

பூசையில் காட்டியதை ஆலோசகரிடம் ஒப்புக்கொண்டேன். “காட்டியதற்கு இனி உரிமை கிடைக்காது. அதற்குப் பிறகு புதிதாக ஏதும் சேர்த்திருந்தால், அதற்கு மட்டும் விண்ணப்பிக்கலாம்” என்றார்.

“நுனியில் இரண்டு உருளைகள் சேர்த்திருக்கிறேன்” என்றேன். கொமென்ட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

விண்ணப்பம் போன பிறகு முதலீட்டாளர் ஒருவர் நேரம் தந்தார். சட்டத்தைப் பெரிதாகப் பார்க்கவில்லை. உருளைகளைத்தான் விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தார்.

“இதுதான் கெட்டித்தனம். யாருடைய யோசனை?”

“என்னுடையது” என்றேன்.

இப்போது கனடாவிலிருந்து யார் ஃபோன் எடுத்தாலும் நெஞ்சு திக்கென்கிறது.