பாய் போட்ட ஒரு பிடி எரு

சுண்ணாம்புத் தெளிநீர் பால்போல் வெளுத்து நின்ற அந்த பாட்டிலை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். ஓசூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளராக இருந்தபோது, ஜூஜுவாடியில் பை தயாரிக்கும் பட்டறை வைத்திருந்த பாய் எங்களிடம் வந்தார். பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து அவருடைய மெஷின்கள் சூடேறாமல் நின்றுகிடந்தன. ஆட்கள் வந்து தூசி தட்டிவிட்டுப் போவார்கள். சோள மாவு கலந்து அவர் செய்த புதுப் பை நிஜமாகவே மக்கினால்தான் பட்டறைக்கு உயிர். இல்லையென்றால் எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போடவேண்டியதுதான்.

சோதனை எளிது. இரண்டு பாட்டில்களிலும் ஒரே மண். ஒன்றில் மட்டும் பையின் துண்டுகள். கண்ணுக்குத் தெரியாமல் பொடிந்துபோனால் அது மக்கியதாகாது, நுண்ணுயிர்கள் அதைத் தின்று மூச்சு விடவேண்டும் என்பார் ஆய்வுக்கூடத்தை நடத்திய எங்கள் மேடம். அந்த மூச்சு பட்டால் பாட்டிலுக்குள் சிறு குப்பியில் வைத்த சுண்ணாம்புத் தெளிநீர் வெளுக்கும். வெறும் மண்ணும் கொஞ்சம் மூச்சு விடும். பை போட்ட பாட்டில் அதைவிட நன்றாக வெளுத்தால் ஜெயித்தோம். மண் மூச்சு விடுவதைக் கண்ணால் பார்க்கிற உத்தியோகம் யாருக்குக் கிடைக்கும்? நான் தரையில் நடக்கவில்லை.

பாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. தினமும் வந்து தன் பாட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே அது வெளுத்தது. எல்லோரும் துள்ளினோம். மேடம் மட்டும் மண்ணை உற்றுப் பார்த்தார்.

"பாய், இதுல என்ன போட்டீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம், மச்சான் தோட்டத்து எரு ஒரு பிடி. கொஞ்சம் சத்து இருந்தா சீக்கிரம் மக்குமேன்னு..."

எருவும் மூச்சு விடும். ஆக, எதுவுமே நிரூபணமாகவில்லை. பாய் முகம் தொங்கிப்போனது. எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை அவரை வாசலோடு நிறுத்தினேன். "எட்ட நின்னே பாத்துக்கறேம்மா" என்று எட்டி எட்டிப் பார்ப்பார்.

இரண்டாம் முறை வெறும் மண் பாட்டிலின் தெளிநீரில் லேசான ஆடைதான் படிந்தது. பை போட்ட பாட்டிலில் மாவு கரைத்தாற்போல் வெண்மை. துண்டுகளை எடுத்துக் கழுவினால், அவை ஓரமெல்லாம் அரித்துக் கிடந்தன. மேடம் கை தட்டியதை அன்றுதான் பார்த்தேன். "சான்றிதழுக்கு மாதிரி அனுப்பச் சொல்லு பாய்கிட்ட" என்றார்.

இன்று வேறு ஊரில் வேறு வேலை பார்க்கிறேன். அன்று பாய்க்குச் செய்ததுபோல் அவ்வளவு ஆசையாக அதன்பிறகு யாருக்கும் போன் செய்ததில்லை.

"பாய், உங்க பை மக்குது" என்றேன்.

என்னிடமல்ல, பட்டறைக்குள் திரும்பி அவர் போட்ட சத்தம் கேட்டது.

"டேய், மெஷினுக்கு ஹீட்டரப் போடுங்கடா."