நாற்பது சேலையும் அரக்கு நிறம்

2005, ஐப்பசி அடைமழை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு நான் எழுதிய முதல் மென்பொருளோடு போய் இறங்கியிருந்தேன். சங்கத்துக்கு அது பிடித்தால்தான் சென்னைக் கம்பெனியில் என் வேலை நிலைக்கும்.

எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். கல்லூரியில் படித்த ஆப்ஜெக்ட் முறைப்படி ‘சேலை’ என்று ஒன்றை உருவாக்கி, நிறம், ஜரிகை, சாயம் போடுபவர், நெய்பவர் என எல்லாவற்றையும் அதற்குள்ளேயே திணித்து வைத்திருந்தேன்.

மழையில் ஒரு சாயக்காரர் வீட்டில் நூல் காயவில்லை. ஒரே ஒரு அரக்குச் சேலைக்கு மட்டும் சாயக்காரரை மாற்றச் சொன்னார் செயலாளர். மாற்றினேன். உள்ளே எல்லாம் பின்னிக் கிடந்ததால், திரையில் இருந்த நாற்பது சேலையும் அரக்கு நிறமாகிவிட்டன. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு வாரத்தில் சரிசெய்யாவிட்டால் திருப்பி எடுத்துப் போகலாம் என்று அமைதியாகச் சொன்னார்.

சங்கத்திலிருந்து வேலைச் சீட்டுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும், என் வயதுப் பெண்ணிடம் புலம்பினேன். சாயக்காரருக்குச் சேலையைப் பற்றி என்னவெல்லாம் தெரியும் என்று கேட்டேன்.

“அவருக்கு எதுக்குமா சேலை தெரியணும்? என்ன நெறம், எவ்ளோ நூலுன்னு சீட்டுல இருக்குது. அது போதாதா?”

குடையோடு அவள் பின்னால் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் சாயம், ஒரு வீட்டில் தறிக்கு நீள நூலாக ஓட்டும் பாவு, இன்னொரு வீட்டில் தறியில் மாட்டும் டிசைன் அட்டை. சீட்டு உள்ளே போகிறது, பொருள் வெளியே வருகிறது. உள்ளே எப்படிச் செய்கிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கடைசி வீட்டுத் தறியில், அத்தனை பேர் வேலையும் அரக்குப் பட்டில் இழை பிசகாமல் ஒரு மயிலாக எழும்பிக்கொண்டிருந்தது. யார் போட்ட சாயம் என்று நெய்பவரைக் கேட்டேன்.

“தெரியலமா. நெறம் நல்லா வந்திருக்குது.”

சர்வீஸ் முறை என்று ஆபீஸில் வகுப்பெடுத்தபோது கொட்டாவி விட்டவள் நான். அன்றே பழையதைக் கலைத்து, ஒவ்வொரு வேலையையும் தனித்தனி சர்வீஸாக, சீட்டு வழியே மட்டும் பேசும்படி எழுத ஆரம்பித்தேன். ஆப்ஜெக்டுகளையும் தூக்கி எறியவில்லை. சாயக்காரரின் பக்குவம் அவர் வீட்டுக்குள் இருப்பதுபோல, அவை சர்வீஸுக்குள் இருந்தன.

ஏழாம் நாள் சாயக்காரரை மாற்றினோம். ஒரு சேலை மட்டும் மாறியது. செயலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “இன்னொருத்தரையும் மாத்திக் காட்டுமா” என்றார். வேலை நிலைத்தது.

இன்றும் எதை வடிவமைத்தாலும், யாருக்கு எது தெரிய வேண்டாம் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். யார் போட்ட சாயம் என்று தெரியாமலே அந்த நெசவாளர் நம்பி நெய்த அரக்கு இழை அப்போதெல்லாம் கண்முன் வந்து நிற்கிறது.