ஐந்து சிலிண்டர் காருக்குப் பூக் கேட்ட கதை

1. ஊர் சொன்ன வைத்தியம்

சேந்தமங்கலத்தில் என் பட்டறைக்கு அந்தக் கார் வந்தது 1999-இல். வந்து நின்று மூச்சுவிடுவதற்குள் தெருவே கூடி வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

“ஒரு பிளக் அடிக்கலீங்க. சத்தத்துலயே தெரியுதே” என்றார் எதிரே டயர் கடை வைத்திருந்தவர். டீக்கடைக்காரரும் அதையேதான் சொன்னார். அவர் ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாதவர்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாலு சிலிண்டர் சத்தத்தைக் கேட்டே வளர்ந்த காதுகள். இது ஐந்து. வரிசையாக ஐந்து சிலிண்டர், 2.2 லிட்டர், பெட்ரோல், இருபது வால்வு, சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை, அதாவது ஃபயரிங் ஆர்டர், 1-2-4-5-3. நின்றபடி ஓடும்போது, அதாவது ஐடிலில், பம்பை அடிப்பது போலக் கொஞ்சம் தட்டித் தட்டித்தான் பேசும். பிறவிக் குரலே அப்படி. அதற்குப் போய்ப் பிளக்கை மாற்றுவது, குரல் கட்டையாக இருக்கிறவனுக்குப் பல்லைப் பிடுங்குகிற வேலை.

இன்றைக்குப் பையன்கள், “அந்த எஞ்சின் தாங்குமாங்க?” என்று கேட்கிறார்கள். தாங்கும். பிளாக் முழுக்க இரும்பு. டைமிங் பெல்ட்டைக் காலத்தில் மாற்றி, நல்ல ஆயிலாக ஊற்றினால் ஓட்டுகிறவனுக்கு முதுகு வலி வரும், எஞ்சினுக்கு ஒன்றும் வராது. ஆனால் இந்தக் கார் ஏற்கெனவே எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ இரண்டைத் தின்றுவிட்டு வந்திருந்தது. சைலன்சரில் நீலப் புகை. சாம்பிராணி போட்ட வீடு மாதிரித் தெருவையே மறைத்தது.

2. பாய் வைத்த கெடு

காரின் சொந்தக்காரர் கரீம் பாய். மலையில் மிளகும் காப்பியும் வாங்கிக் கீழே விற்கிற வியாபாரி. மச்சினர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த காரை ஆசையாக வாங்கிக்கொண்டவர். வாரம் ஒருமுறை அதில் மலைமேல் இருக்கிற பைல் நாட்டுக்கு ஏறிப் போவார். ஓட்டுவது பழனியண்ணன்.

“நீ மூணாவது டர்போவை மாட்டப்பா. இதுவும் போச்சுன்னா வண்டியை வித்துருவேன். பழனி வேற எடம் பாத்துக்கட்டும். ஓட்டறவன் கையிலதான் ஏதோ கோளாறு” என்றார் பாய். பழனியண்ணன் பக்கத்திலேயே நிற்கும்போது சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

பாய் போனதும் பழனியண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். “முப்பது வருசமா மலை ஓட்டறனுங்க. ஒரு சொட்டு பெட்ரோல் வீணாக்குனதில்ல. இந்த வயசுல எனக்கு யாருங்க வண்டி குடுப்பாங்க?”

டர்போவை மாட்டினேன். மாட்டிவிட்டு, “நானும் கூட வாரேன்” என்று ஏறிக்கொண்டேன். நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது, அவன் சாப்பிடுகிற இடத்தையும் பார்க்க வேண்டும்.

3. மரியாதையான டிரைவர்

எழுபது கொண்டை ஊசி வளைவு. பழனியண்ணன் ஓட்டியதில் குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை, எனக்கே எரிச்சலாக இருந்தது. கியர் மாற்றியது தெரியவில்லை. பின்சீட்டில் பாய் தூங்கியேவிட்டார்.

மேலே கடைசி வளைவில், ஒதுங்கி நிற்க இடமுள்ள ஓரத்தில், ஒரு முனியப்பன் கல். பழனியண்ணன் அதன் முன்னால் நிறுத்தி, நிறுத்திய நொடியே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கற்பூரம் ஏற்றினார். நான் பானட்டைத் திறந்தேன். டர்போவின் மூடி அடுப்புத் தணல் மாதிரிச் சிவந்திருந்தது.

பிடிபட்டுவிட்டது.

“அண்ணா, வந்ததும் ஏன் அணைச்சீங்க?”

“சாமி முன்னாடி வண்டி உறுமிக்கிட்டு நின்னா மரியாதைங்களா?”

டர்போவுக்குள் ஒரு சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். மலையேறி வந்த சூட்டில் அதைக் காப்பாற்றுவது உள்ளே ஓடுகிற ஆயில் மட்டும்தான். எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். நின்ற ஆயில் பேரிங்கிலேயே கருகிக் கரியாகும். ஏறி வந்ததும் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைக்க வேண்டும், அவ்வளவுதான். இவரோ மலையிலேயே மரியாதை தெரிந்த டிரைவர். அந்த மரியாதைதான் டர்போவைக் கொன்றுகொண்டிருந்தது.

“தோசைக்கல்லு காயறப்ப எண்ணெயை ஊத்திட்டு அப்படியே விட்டா என்ன ஆகும்?” என்றேன்.

“கருகிப்போயிரும். புரியுதுங்க. எனக்குப் புரிஞ்சு என்ன பண்றது, சாமிக்குப் புரியோணுமில்லீங்க?”

விழித்துக்கொண்ட பாய், “கொஞ்சம் முன்னாடியே நிறுத்தி ஆறவெச்சுட்டு வாயேன்” என்றார்.

“வளைவுல எங்கீங்க பாய் நிறுத்தறது? பொறத்தாண்ட வார லாரிக்காரன் நம்மளை அடிவாரத்துலயே கொண்டுபோய் விட்டுருவான்.”

“அப்ப நிக்காமப் போ.”

“அது முடியாதுங்க” என்றார் பழனியண்ணன். வேலை போனாலும் முடியாது என்பது அவர் முகத்திலேயே இருந்தது.

4. உத்தரவு

அடுத்த வாரமும் போனோம். பழனியண்ணன் ஒரு முடிவோடு வந்திருந்தார்.

“பூக் கேட்டுருவமுங்க. வெள்ளை வந்தா எஞ்சின் ஓடலாம். செவப்பு வந்தா நான் சாவியைக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போயர்றேன்.”

ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி என்றார். வீட்டிலிருந்தே மடித்துக் கொண்டுவந்திருந்தார். அவற்றைக் கல்லின் முன்னால் வைத்தார். உத்தரவு தெரிகிறவரை எஞ்சின் ஓடட்டும் என்று பாய் முன்சீட்டுக்கு மாறி, சாவியைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். என்னை ஒரு பொட்டலம் எடுக்கச் சொன்னார்கள். ஆயிரம் எஞ்சின் பிரித்த கையால் ஒன்றை எடுத்தேன். ஒரு மனிதனின் சோறு அந்தக் காகிதத்துக்குள் இருந்தது.

பிரித்தேன். வெள்ளை.

“என்னப்பா, உத்தரவு ஆச்சா?” என்று காருக்குள்ளிருந்து பாய் கத்தினார்.

“ஆச்சுங்க பாய்!” பழனியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பூரம் ஏற்றினார். அது எரிந்து அணைகிறவரை எஞ்சின் ஓடியது. பிறகுதான் போய்ச் சாவியைத் திருப்பினார்.

அவர் பார்க்காதபோது மற்றப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதிலும் நந்தியாவட்டைதான். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாமியைக் கேட்காமல் மாற அவருக்கு மனசு வரவில்லை. சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தாங்கவும் தெம்பில்லை. எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது அப்போதுதான்.

மூன்றாவது டர்போ அதற்கப்புறம் புகையவே இல்லை. பழனியண்ணன் தானாகப் போதும் என்று சொல்கிறவரை அந்தக் காரை ஓட்டினார்.

5. பாடம்

ஏழெட்டு வருடம் கழித்து ஒரு பழைய டீசல் ஜீப்பில் மலையேறினேன். கடைசி வளைவில் அதை ஓட்டிவந்த இளவட்ட டிரைவர் ஜீப்பை ஓடவிட்டே இறங்கிப்போய்க் கற்பூரம் ஏற்றினான். ஜீப் ஆடிய ஆட்டத்தில் எனக்கு முதுகெலும்பு கழன்றுவிடும் போலிருந்தது. சாவியை நோக்கிக் கையை நீட்டினேன்.

“அட, கையை எடுங்க!” என்று ஓடிவந்தான்.

“கண்ணு, இதுல டர்போவே இல்லை. அணைச்சா ஒண்ணும் ஆகாது.”

“ஏனுங்க, உங்களுக்கு என்னங்க தெரியும்? கற்பூரம் அணையறதுக்குள்ள வண்டி அணைஞ்சா முனியப்பனுக்கு ஆகாதுங்க. முன்னே ஒரு பாய் காரு இப்படித்தான் ரெண்டு தடவை வீணாப்போச்சு. கடைசியில மெக்கானிக்கே மலையேறி வந்து, உழுந்து கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டாராமா!”

புதிதாகப் பட்டறை வைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டிக்காரருக்குக் காரணத்தை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், அது அடிவாரம் தாண்டுவதற்குள் மறந்துவிடும். அவர் தினமும் செய்கிற ஒன்றோடு சேர்த்து முடிந்துவிடுங்கள். அப்புறம் நீங்களே நினைத்தாலும் அதை அவிழ்க்க முடியாது.

நான் கையை எடுத்துக்கொண்டேன். இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கற்பூரம் அணைகிறவரை அவன் பக்கத்தில் நின்றேன்.