குளத்தைத் தாண்டும் மட்டை

வற்றிய ஏரிக்குள் இறங்கியதும் தீர்த்தம்மாள் மேயும் ஆடுகளை ஓரம் கட்டுவார். சேலையைத் தூக்கிச் செருகி, வலது முழங்கையில் கிரேப் பேண்டேஜைச் சுற்றி, கோரை அடர்ந்த இடமாகப் பார்த்துக் கோல்ஃப் பந்தை வைப்பார். பக்கத்திலேயே நல்ல தரை இருக்கும். அங்கே வைக்க மாட்டார். "நல்ல எடத்துல கெடந்தா எவன் வேணாலும் அடிப்பான்."

ஐம்பதை நெருங்கும் உடம்பு. கால்கள் உறுதி, முதுகு நேர். முழங்கைதான் சொன்னபடி கேட்காது.

வேலை பெங்களூரில். கோல்ஃப் ஆட வருகிறவர்களின் மட்டைப் பையை இழுத்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை; நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆண்டில் ஒரு திங்கள் மட்டும் அங்கேயே தங்குவார். அன்று பை இழுப்பவர்களுக்கான போட்டி.

போன ஆண்டு ஏழாவது குழிக்கு முன்னால் உள்ள குளத்தைத் தாண்ட, மூன்றாம் நம்பர் இரும்பு மட்டையை எடுத்தார். இரும்பு மட்டைகளிலேயே நீளமானது, கைக்கு அடங்காதது. ஒன்றன்பின் ஒன்றாகப் பந்துகள் தண்ணீருக்குள் போயின. அன்றோடு அவர் பெயரும் போனது. கூட வேலை பார்க்கும் கதிரவன் தினமும் வரவேற்பதே இப்படித்தான்: "வாங்க குளத்தக்கா! பந்துக்கெல்லாம் நீச்சல் வந்துருச்சுங்களா?"

தீர்த்தம்மாள் சிரித்து வைப்பார். வருகிற திங்கள் மறுபடியும் போட்டி. கோப்பை யாருக்குப் போனாலும் போகட்டும். அந்தப் பெயரை அதே குளத்தில் போட்டுவிட்டு வரவேண்டும்.

அதற்குத்தான் ஹைப்ரிட் மட்டை. ஆட வரும் அம்மாள் ஒருவர், தான் கழித்த இரண்டைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பளபளப்பானது தக்கையாக இருந்தது; வீசினால் தலை எங்கே போகிறதென்றே தெரியவில்லை. கீறல் விழுந்ததன் கனம் கைக்குத் தெரிந்தது. அதையே எடுத்தார். இரும்பு மட்டையின் தலை கத்திபோல மெலிந்தது, புல்லில் சிக்கித் திரும்பிக்கொள்ளும். இதன் தலை பின்பக்கம் புடைத்து, புல்லை விலக்கிக்கொண்டு போகும்.

தக்காளி போடும் கணவர் பச்சியப்பனுக்கு ஹைப்ரிட் என்றால் விதைதான்.

"ஹைப்ரிட்னா தோலு தடிமன். லாரியில குலுங்கினாலும் நசுங்காது. உம்மட்டையும் அப்படித்தானா?"

"இது வெதச்சா மொளைக்காது மாமா. அடிச்சாத்தான் பறக்கும்."

அடித்தும் பறக்கவில்லை. பந்தை எழுப்ப வேண்டுமென்று தீர்த்தம்மாள் கையால் வாரி வாரி அடித்தார். முழங்கை வீங்கியது. படுக்கையில் கிடப்பவரைக் காலை ஊன்றாமல் கையாலேயே தூக்குகிறவர்களுக்கு வரும் வலி அது. எண்ணெய் தேய்த்தால் போகாது; தூக்குவதை நிறுத்த வேண்டும். ஒருநாள் வலி பொறுக்காமல், பந்தை நடுவுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, மட்டையை மேலிருந்து கீழாக இறக்கிவிட்டார். பந்து எழுந்தது. மட்டை கொடுத்த அம்மாளிடம் சொன்னார்:

"நான் தூக்கறதில்லீங்க. நான் கீழ அடிக்கறேன், அது தூக்குது."

இப்போது ஏரி நடுவில் மிச்சமிருக்கும் தண்ணீரைப் பந்து தாண்டுகிறது. முன்பெல்லாம் பந்து விழுந்ததும் மிரண்டு பறந்த கொக்குகள் அசையாமல் நிற்கின்றன.

ஆனாலும் பை கட்டும்போது பழைய இரும்பு மட்டையையும் செருகிக்கொள்வார்.

"அது எதுக்கு?"

"ஒரு தைரியத்துக்கு மாமா."

"போன தடவ அந்தத் தைரியந்தானே தண்ணியில முங்குச்சு?"

குளக்கரையில் நிற்கும்போது பின்னால் ஆண்கள் சிரித்தால், கை தானாக அந்த நீள மட்டைக்குப் போகிறது. போன மாதம் சும்மா ஆடிப் பார்த்தபோதும் போனது. பந்தும் போனது.

போட்டிக்கு முந்தைய திங்கள். பஸ்ஸுக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டியபோது, தோட்டத்திலிருந்து பச்சியப்பன் குரல் கொடுத்தார். "ஏ தீர்த்தா, செடி சாஞ்சு கெடக்குது. ஒரு குச்சி கொண்டா!"

தீர்த்தம்மாள் வரப்பில் பையை இறக்கி, மூன்றாம் நம்பர் மட்டையை உருவினார். தலைகீழாகத் திருப்பி, கைப்பிடியைச் செடியோரம் ஊன்றி, உடம்பின் கனத்தையெல்லாம் கொடுத்து மண்ணுக்குள் இறக்கினார். தக்காளிச் செடியை நிமிர்த்தி அதோடு சேர்த்துச் சணலால் கட்டினார். ஒரு முடிச்சு போதும். மேலே இன்னொன்று போட்டு, பல்லால் கடித்து இறுக்கினார்.