கப் இருந்த இடம்

எங்கள் படத்தில் கண்டினியூட்டி பார்த்த பெண்ணை யூனிட்டே நோட்டு அக்கா என்றுதான் கூப்பிட்டது. ஒரு ஷாட்டில் நடிகையின் முடி எந்தக் காதோரம் விழுந்தது, டம்ளரில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்பதையெல்லாம் எழுதி, போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்வது அவர் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். சாப்பிடப் போனாலும் நோட்டு அக்குளில் இருக்கும். நான் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். கிண்டல் செய்வதில் முதல் ஆள் நான்தான்.

நோட்டு எப்படி வந்தது என்று ஒருநாள் அவரே சொன்னார். கல்யாணமாகிப் பதினோரு வருடம், புருஷன் அவரை அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. சாவியை இடம் மாற்றி வைப்பான். அக்கா வீடு முழுக்கத் தேடி முடித்ததும், நீதான் மறந்துட்ட என்று அன்பாகத் தலையைத் தடவுவான். தனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே அக்கா நம்பிவிட்டார். மறக்காமலிருக்க, எதை எங்கே வைத்தார், எங்கே கிடைத்தது என்று எழுத ஆரம்பித்தார். மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், அவர் ஒன்றைக்கூட மறந்திருக்கவில்லை. அன்றைக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்.

எங்கள் கதையும் அப்படிப்பட்ட ஒரு கணவனைப் பற்றியதுதான். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து எடுத்த சின்னப் படம். ஷூட்டிங் வீடு அன்று மாலை வரைதான் எங்களுக்கு. கடைசியாகச் சாப்பாட்டு மேஜைக் காட்சி. மதியம் எடுத்ததைப் போட்டுப் பார்த்த டைரக்டருக்கு முகம் வெளிறிவிட்டது. காலை ஷாட்டில் மனைவியின் வலது கைப்பக்கம் இருந்த நீலக் கப், மதிய ஷாட்டில் இடது பக்கம் இருந்தது. திரும்ப எடுக்க வெளிச்சம் இல்லை.

கணவனாக நடித்த ஹீரோ சாவகாசமாகச் சொன்னார். "நான் தொடவே இல்ல. அக்காதான் மறந்திருப்பாங்க."

டைரக்டர் அக்கா பக்கம் திரும்பினார். "மறந்துட்டீங்களா? இதுகூடப் பாக்கலைன்னா உங்களை எதுக்கு வச்சிருக்கேன்?"

அக்கா வாயைத் திறந்தார். எங்கே ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பதறியது. என் மைக் மேஜைக்கு அடியில் மதியம் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தது. கப் நகரும் சத்தம் பதிவாகியிருக்கும், போட்டுக் காட்டட்டுமா என்று அக்காவின் காதருகே கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"நான் மறக்கல சார்."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நோட்டைப் பிரித்து வைத்தார். பக்கத்தில் போட்டோவையும் காட்டினார். ஒத்திகை முடிந்ததும், இரண்டு பத்துக்கு, கப் வலது பக்கம். உடனே லைட்டை மாற்ற வேண்டும் என்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள், மேஜையருகே ஹீரோ மட்டும் இருந்தார், திரும்பி வந்ததும் மேஜையைச் சரிபார்க்க விடாமல் நேராக டேக் போய்விட்டார்கள் என்பதும் எழுதியிருந்தது. ஹீரோ அசடு வழிய, கை இடித்தது, நகர்த்திவிட்டேன் போலிருக்கிறது, சுத்தமாக நினைவில்லை என்றார். கதாபாத்திரத்தில் அவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டார் மனிதர்!

டைரக்டர் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் ஸ்கிரிப்டை எடுத்து, கடைசிக் காட்சியில் மனைவி அழுகிற இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதினார்; அது இரவுக் காட்சி என்பதால் வீட்டைக் காலி செய்வதற்குள் விளக்குப் போட்டு எடுத்துவிட்டோம். கப் மாறியிருந்த மதிய ஷாட்டை அப்படியே வைத்துக்கொண்டார்.

படம் வெளியான அன்று அக்கா என் பக்கத்து சீட்டில் இருந்தார். கப் இடம் மாறியதும் பின்வரிசையில் ஒருவர், "கப்பை மாத்தி வச்சுட்டானுங்க, இதைக்கூடப் பாக்கமாட்டானுங்களா" என்று நக்கலடித்தார். நான் திரும்பி முறைத்தேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கடைசிக் காட்சியில் கணவன் மனைவியின் தலையைத் தடவி, நீதான் மறந்துட்ட என்கிறான். அவள் கப்பை எடுத்து மறுபடி வலது பக்கம் வைக்கிறாள். "நான் மறக்கல."

பின்வரிசைக்காரர், "அட, வேணும்னுதான் மாத்தி வச்சிருக்கானுங்க" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் நோட்டே கொண்டுவரவில்லை.