லிட்டருக்கு இருபத்தாறு

எங்கள் தெருவில் வந்து தேவசிகாமணி வீடு எது என்று கேட்டால் யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள். மைலேஜ் சார் வீடு என்று கேட்டால் உடனே கையைக் காட்டிவிடுவார்கள். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூட அலுவலகத்தில் அவரும் நானும் முப்பத்து நான்கு வருஷம் பக்கத்து பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றோம். ஓய்வு பெற்ற கையோடு அவர் ஒரு சின்னக் கார் வாங்கினார். நான் மூட்டுவலி வாங்கினேன். இரண்டில் எது மேல் என்று இப்போது கேட்டால் மூட்டுவலிதான் என்பேன்.

லிட்டருக்கு இருபத்தாறு கிலோமீட்டர். கம்பெனிக்காரனே இருபத்திரண்டு என்றுதான் சொல்லி விற்றான். மீதி நாலு தன் காலில் இருக்கிறது என்பார். ஆக்ஸிலேட்டரை முட்டையை மிதிப்பது போல மிதிப்பார். வேகம் நாற்பத்தைந்தைத் தாண்டாது. ஈரடுக்குப் பாலத்து இறக்கத்தில் நியூட்ரலில் போட்டுவிடுவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவான். கனம் கூடினால் மைலேஜ் குறையும் என்று டிக்கியில் இருந்த ஸ்டெப்னியைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டார். ஏசி போட மாட்டார். காற்று புகுந்தால் வண்டியைப் பின்னால் இழுக்கும் என்று கண்ணாடியையும் இறக்க விட மாட்டார். சித்திரை மாதத்தில் அவரோடு டவுனுக்குப் போய் இறங்கினால் இட்லிக் கொப்பரையில் இருந்து இறங்கின மாதிரி இருக்கும். மனைவி சாலோமியின் பெரிய எழுத்து வேதாகமத்தைச் சின்ன எழுத்தாக மாற்றச் சொன்னார் என்றுகூடத் தெருவில் கேலி பேசுவார்கள். அது பொய். ஆனால் சொல்லக்கூடிய ஆள்தான்.

பெட்ரோல் போடுவதில் அவருக்கு இரண்டு நியமங்கள். ஒரு தடவைக்கு ஐந்து லிட்டருக்கு மேல் போட மாட்டார். டாங்கை நிறைத்தால் பெட்ரோலைச் சுமப்பதற்கே பெட்ரோல் செலவாகுமாம். அப்புறம், காலை ஆறு மணிக்கு முன்னால்தான் போடுவார். வெயில் ஏறினால் பெட்ரோல் விரிந்துவிடும், லிட்டர் என்ற பேரில் காற்றைத்தான் ஊற்றுவான் என்பார். பங்க்கின் தொட்டி மண்ணுக்கு அடியில் அல்லவா இருக்கிறது, அங்கே வெயில் எப்படிப் போகும் என்று ஒரு தடவை கேட்டேன்.

“அம்பலம், நீரு எஸ்எஸ்எல்சில சயின்ஸ்ல எத்தன மார்க்குவே?” என்றார். அத்தோடு விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலில் புதுக் கார் வாங்கினவர்கள் அவரைச் சுற்றி நிற்பார்கள். மைலேஜ் சார் வண்டி பெட்ரோலைக் குடிக்காது, மோந்துதான் பார்க்கும் என்று ஒரு பேச்சு கிளம்பி, சொந்தக்காரர்கள் இருக்கிற ஊரெல்லாம் பரவியிருந்தது. பொய் சொல்வானேன், டீக்கடையில் நானும் அந்தப் பெருமையை அளந்திருக்கிறேன்.

சாலோமி அக்காவுக்கு ஒரே தம்பி, பாக்கியசீலன். ஏரலுக்கு அங்கிட்டு ஒரு சின்ன ஊரில் வாழை போட்டிருந்தார். தாயில்லாமல் அக்கா இடுப்பில் வளர்ந்தவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் மகள் ஸ்டெபியின் கல்யாணக் கார்டில் ஊரில் உள்ள அத்தனை சித்தப்பன் மாமன் பெயரும் இருந்தது, தேவசிகாமணி பெயர் மட்டும் இல்லை. அச்சகத்தில் விட்டுவிட்டான் என்றார் தம்பி. வேண்டுமென்றே விட்டது என்றார் இவர். “என் வீட்டுக்காரருக்கு இல்லாத மரியாத எனக்கு எதுக்கு?” என்று அக்கா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. கல்யாணத்தன்று முழுக்க எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அதன்பிறகு போக்குவரத்தே இல்லை. போன கிறிஸ்துமஸ் அன்று தம்பியே போன் பண்ணி, “ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போக்கா” என்றாராம். தை பிறக்கட்டும், வருகிறேன் என்று அக்கா சொல்லியிருந்தார்.

தை பிறந்தது. மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போன இடத்தில் மார்வலி வந்து தம்பி இறந்துபோனார். உடல் ஊர் வந்து சேர்ந்த பிறகும் அக்காவுக்குச் சொல்லவில்லை. ‘பதினோரு வருசமா எட்டிப் பாக்காதவங்களுக்கு என்னத்துக்குச் சொல்லணும்’ என்று தம்பி மனைவி டெபோரா தடுத்துவிட்டாராம். மகன் ஜெய்சன்தான் மனம் கேட்காமல், அடக்கத்தன்று மத்தியானம் ஒன்றரை மணிக்கு அம்மாவுக்குத் தெரியாமல் போன் பண்ணினான்.

“அத்தை, நாலு மணிக்குப் பெட்டிய மூடிருவாவ. அதுக்கு மேல வைக்க முடியாது. எப்பிடியாவது வந்து மொகம் பாத்துருங்க.”

பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டால் அப்புறம் திறக்க மாட்டார்கள். கூடப்பிறந்தவர்கள் முகம் பார்ப்பது அதற்கு முன்னால்தான். இங்கிருந்து அந்த ஊர் நாற்பத்தாறு கிலோமீட்டர். அக்கா அழுத அழுகைக்குத் துணையில்லாமல் விட மனமில்லாமல் நானும் வேட்டியை மாற்றிக்கொண்டு பின்சீட்டில் ஏறினேன். அவசரத்தில் அக்கா தன் போனைச் சார்ஜிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

கார் ஸ்டார்ட் ஆனதும் மீட்டரில் 58 என்று காட்டியது. இருக்கிற பெட்ரோலில் இன்னும் அத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று அர்த்தம்.

“சார், போற வழியில பெட்ரோல் போட்டுக்கிடுவோம்” என்றேன்.

“உச்சி வெயில்ல எவனாவது போடுவானா? பன்னெண்டு கிலோமீட்டர் கையில இருக்குவே. எங் காலுக்கு அம்பத்தெட்டுன்னா அறுபத்தஞ்சு ஓடும். வெயில் தாழ்ந்து திரும்பும்போது ஏரல்ல போட்டுக்கிடலாம். நீரு சும்ம வாரும்.”

அந்த எண் முந்தின நாட்களின் ஓட்டத்தை வைத்துக் கார் போடுகிற கணக்கு என்று பிற்பாடு ஒரு மெக்கானிக் எனக்குச் சொன்னான். முந்தின நாட்களில் அவர் தனி ஆளாக, ஏசி இல்லாமல், விடியற்காலையில் காலி ரோட்டில் உருட்டியிருக்கிறார். அன்றைக்கோ மூன்று பேர், மயங்கி மயங்கி விழுகிற அக்காவுக்காக ஏசி, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பதற்றம். போதாக்குறைக்கு மறுநாள் தைப்பூசம். திருச்செந்தூர் ரோடு முழுக்கப் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக் கூட்டம். முதல் கியரும் இரண்டாம் கியருமாக நகர்ந்தோம். செய்துங்கநல்லூர் பக்கத்தில் போலீஸ்காரர்கள் வண்டிகளை வேறு சுற்றிவிட்டார்கள். என் முருகன் அன்றைக்கு எங்களுக்கு வழிவிடவில்லை.

58 என்பது 40 ஆனது, அப்புறம் 22 ஆனது. போக வேண்டிய தூரம் அந்த வேகத்தில் குறையவில்லை. முதல் பங்க் வந்தபோது நான் “சார்” என்றேன். அவர் திரும்பவே இல்லை. இரண்டாவது பங்க்கில் அக்கா வாய் திறந்தார்.

“ஏங்க, போட்டுக்கிடுங்களேன்.”

“நீயுமா? முப்பத்தொம்பது வருசமா என்னைய உனக்குத் தெரியாதா?”

அவருக்கும் உள்ளே பயம் வந்துவிட்டது என்பது ஏசியை அணைத்ததில் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. அந்த மத்தியான வெயிலில் எங்கள் கண் முன்னால் பெட்ரோல் போட்டால் இத்தனை வருஷத்துப் பேச்சு என்னாவது? ஸ்ரீவைகுண்டம் தாண்டி, இரண்டு பக்கமும் வாழையாக இருக்கிற ரோட்டில், கார் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றது. மணி மூன்றேகால். ஊருக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருந்தது.

அந்த நேரத்தில் கடவுள் ஒரு ஆளை அனுப்பத்தான் செய்தார். டிவிஎஸ் வண்டியில் மீன் பெட்டி கட்டிய ஒரு வியாபாரி. விஷயத்தைக் கேட்டதும் பெட்டிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

“பெட்டிய இங்கன எறக்கி வச்சிருதேன் அண்ணாச்சி. அம்மாவ ஏறச் சொல்லுங்க. அரைமணி நேரத்துல துட்டி வீட்டு வாசல்ல விட்டுருதேன்.”

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“உக்காரு” என்றார் தேவசிகாமணி. “பதினோரு வருசம் கழிச்சுப் போறோம். மீன் வண்டியில போயி எறங்குனா டெபோரா வீட்டு ஆளுவ என்ன சொல்லுவாவ? அம்பலம் இவரு கூடப் போயி பெட்ரோல் வாங்கிட்டு வந்துருவாரு. பத்து நிமிசம்.”

அக்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போங்கக்கா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பார். நான் சொல்லவில்லை. அந்த மனுஷன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியே பழகின கழுத்து இது. அக்கா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். நான் மீன் பெட்டிக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு போனேன்.

பத்து நிமிஷமாம். பங்க் ஐந்து கிலோமீட்டர் பின்னால் இருந்தது. அங்கே பாதயாத்திரை வேன்களின் வரிசை. முறை வந்தபோது பாட்டிலில் ஊற்றக் கூடாது என்று சட்டம் பேசினார்கள். கடைசியில் மீன்காரர் தன் வண்டி டாங்கை நிறைத்துக்கொண்டு வந்து, காருக்குப் பக்கத்தில் நிறுத்தி, டியூப் வைத்து உறிஞ்சி இறக்கிக் கொடுத்தார். அப்போது மணி நாலு இருபது.

“ஜெய்சன் போன் பண்ணினானா?” என்று கேட்டேன்.

“பண்ணினான். சொல்லியாச்சு” என்றார் தேவசிகாமணி. அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினாராம். என்ன சொன்னார் என்று அக்காவுக்கும் தெரியாது.

நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மண் மூடி மேடு கட்டியாகிவிட்டது. குழி வெட்டினவர்கள் மண்வெட்டியைத் தட்டிச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஓடிப்போய் அந்த மேட்டுக்குப் பக்கத்தில் விழுந்தார். யாரும் தூக்க வரவில்லை. நான்தான் டெபோராவிடம் போய், “வழியில பெட்ரோல் தீந்துட்டும்மா” என்றேன்.

“பெட்ரோல் தீந்துட்டா?” டெபோரா அழுத கண்ணோடு சிரித்தார். “யாரு வண்டியில? மைலேஜ் அண்ணன் வண்டியிலயா? சொல்லுததையாவது பொருந்தச் சொல்லுங்க.” பிறகு அக்கா பக்கம் திரும்பினார். “பெட்டி மூடுத வரைக்கும் எங்கயோ நின்னுட்டு வாறிய, என்ன மைனி? செத்த பெறகும் அவுக மேல அம்புட்டுக் கோவமா?”

சுற்றி நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். ஜெய்சன் அழுதுகொண்டே சொன்னான். “அத்தை, மூணரைக்கு மாமாட்டப் பேசுனேன். ‘இன்னா பக்கத்துல வந்துட்டோம், அஞ்சு நிமிசம்’னு சொன்னாவ. அத நம்பி நாலேகால் வரைக்கும் பெட்டிய மூட விடாம நின்னேன். நெசமாவே வண்டி நின்னுருந்தா சொல்லியிருக்கலாம்லா? பைக்க எடுத்துட்டு வந்திருப்பேன்லா?”

அக்கா மெல்லத் தலையைத் தூக்கிப் புருஷனைப் பார்த்தார். நானும் பார்த்தேன், அந்தக் கூட்டமே பார்த்தது. தப்பு என்னுது என்று அவர் அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தம்பி முகம் பார்க்காமல் போனது போனதுதான். அக்காவின் பேராவது மிஞ்சியிருக்கும்.

அவர் தொண்டையைச் செருமினார். “ரோட்டுல பாதயாத்திரைக் கூட்டம்” என்றார். “மத்தபடி வண்டியில ஒரு கொறையும் இல்ல.”

“ஏவே” என்று நான் வாயைத் திறந்ததும் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை.

“ஆமா டெபோரா, கோவந்தான்” என்றார். “ஆனா எந் தம்பி மேல இல்ல.”

தேவசிகாமணி காருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கூட்டம் கலைய ஆரம்பித்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. ஜெய்சன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“உங்கப்பனுக்கு முடி நரைச்சிருந்துதாலே?”

அவன் தலையை ஆட்டினான்.

“ரொம்பவா?”

“ஆமா அத்தை.”

“மீச வச்சிருந்தானா?” என்று கேட்டார் அக்கா.